இன்னும் ஒரு டெமோ

சுஃபியா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் போகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் என்று இரண்டு மாதம் லீவு கேட்டாள். "நல்லபடியா பாத்துட்டு வாங்க, உங்க இடம் எங்கயும் போகாது" என்றார் தாளாளர். திரும்பிப் போனபோது பத்தாம் வகுப்பு கணக்கை வேறொருவர் எடுத்துக்கொண்டிருந்தார். தாளாளர் இவளைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து வாயால் சொல்கிற எதையும் அவள் நம்புவதில்லை.

எம்.எஸ்ஸி. கணிதம், பி.எட்., நான்கு வருட அனுபவம். காஜிமார் தெருவிலிருந்து கிளம்பி மே மாதம் முழுக்க வேலை தேடினாள். வீட்டுக்கே வந்து டியூஷன் எடுப்பவர்களுக்கான இணையதளம் ஒன்றில் பெயரைப் பதிந்தாள். மகனுக்குக் கணக்கு சொல்லித்தரவேண்டும் என்று ஒருவர் கூப்பிட்டார். முதல் தடவை மகன் பத்தாவது படிக்கிறான் என்றார். மூன்றாவது தடவை பேசும்போது ஏழாவது என்றார். சுஃபியா அந்த எண்ணை பிளாக் செய்தாள். அடுத்த நாளே தன் பெயரையும் அந்தத் தளத்திலிருந்து எடுத்துவிட்டாள்.

ஜூன் இரண்டாம் வாரத்தில் ஆனையூர் பஸ் ஸ்டாப்பில் ஒட்டியிருந்த நோட்டீஸ் ஒன்றைத் தோழி ஒருத்தி படம் எடுத்து அனுப்பினாள். ஏணிப்படி டியூஷன் சென்டர், கணித ஆசிரியை தேவை, மாலை வகுப்பு மட்டும்.

சென்டர் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருந்தது. இரும்புப் படி. மேலே ஆபீஸ் அறை ஒன்று, வகுப்பறை இரண்டு. நடத்துபவர் பெயர் தவசி. நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா வைத்திருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். சான்றிதழ்களின் நகலை ஒவ்வொன்றாகப் பார்த்து, பைலில் வைத்துக்கொண்டார்.

"எங்க முறை என்னன்னா மேடம், மொதல்ல ஒரு டெமோ கிளாஸ். பிள்ளைகளுக்குப் புரியுதானு பாப்போம். இருபடிச் சமன்பாடு, காரணிப்படுத்துற முறை எடுங்க."

"எவ்வளவு நேரம் சார்?"

"ஒன்றரை மணி நேரம்."

டெமோ என்றால் இருபது நிமிடம் என்றுதான் அவள் கேள்விப்பட்டிருந்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார்.

"போன இதுல போட்ருங்க. பிள்ளைகளோட தனியாப் பேச வேணாம். நம்பர் குடுக்கிறது வாங்குறது கூடாது. இந்த பார்ம்ல ஒரு கையெழுத்து."

டப்பாவில் ஏற்கெனவே ஒரு ரப்பர் பேண்டும் ஒரு இயர்போன் பஞ்சும் கிடந்தன. யாருடையதோ. சுஃபியா போனை அணைத்துவிட்டுத்தான் போட்டாள்.

வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். மூலையில் கேமரா. அது போதாதென்று கதவின் மேலேயும் ஒன்று. அவள் பெயரைச் சொன்னாள். யாரும் அதை வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. "ஹாய் மிஸ்" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எல்லோரும் நோட்டைத் திறந்து, பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் எப்போது ஆரம்பிப்பாள் என்று பார்த்தார்கள். புது டீச்சரைப் பார்க்கும் பிள்ளைகளின் முகம் அப்படி இருக்காது. பஸ்ஸுக்குள் ஏறும் ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

ஆனாலும் பாடம் நன்றாகப் போனது. சாக்பீஸைப் பிடித்ததும் மற்றதெல்லாம் மறந்துபோகும் அவளுக்கு. முன் பெஞ்சில் இருந்த சரண்யாதேவி என்ற பெண் மட்டும் இரண்டு தடவை சந்தேகம் கேட்டாள். இரண்டும் நல்ல கேள்வி.

முடிந்ததும் தவசி தலையை ஆட்டினார். "நல்லா எடுக்கிறீங்க. இன்னொருத்தங்களும் வந்திருக்காங்க. அவங்களும் நல்லா எடுக்கிறாங்க. எதுக்கும் நீங்க இன்னும் ஒரு டெமோ குடுத்துருங்க. வெள்ளிக்கிழமை வாங்க. வர்க்கப் பூர்த்தி முறை."

வீட்டில் அவள் தகப்பனார் நாகூர் கனி கேட்டார். தெற்கு மாசி வீதியில் கைலிக்கடையில் முப்பது வருடம் விற்பனையில் நின்றவர். ஆளைப் பார்த்தே வாங்க வந்தவரா விரித்துப் பார்த்துவிட்டுப் போக வந்தவரா என்று சொல்லிவிடுவார்.

"வேல குடுத்தாங்களா, இல்லையா?"

"இன்னொரு டெமோ பாக்கணுமாம்த்தா."

"கைலிய விரிச்சுக் காட்டுன்னு சொல்றவன் எல்லாம் வாங்க மாட்டாம்மா. விரிச்சதுக்கு அப்புறம் இன்னொன்னையும் விரின்னுவான்."

"இது கடை இல்லத்தா" என்றாள். ஆனால் அன்று தூங்கப் போகும்வரை அந்தப் பேச்சு மனதில் உறுத்திக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் போனபோது கரும்பலகை சரியாக அழிக்கப்படாமல் இருந்தது. ஓர் ஓரத்தில் முக்கோணம் ஒன்று, அதன் பக்கத்தில் இரண்டு வரி நிரூபணம். எழுத்து தவசியுடையது இல்லை. அவர் எழுத்தைப் படிவத்தில் பார்த்திருக்கிறாள். 'ஆகவே' என்பதற்குப் போடும் மூன்று புள்ளியை அந்த ஆள் குட்டி வட்டங்களாகப் போட்டிருந்தார்.

"நேத்து யாரு கிளாஸ் எடுத்தது?" என்று கேட்டாள்.

இரண்டு மூன்று பேர் மூலையில் இருந்த கேமராவைப் பார்த்தார்கள்.

"மிஸ், வர்க்கப் பூர்த்தி" என்றாள் சரண்யாதேவி மெதுவாக. "ஆரம்பிங்க மிஸ்."

அடுத்த திங்கட்கிழமை மூன்றாவது டெமோ. சூத்திர முறை. பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கையில் சுஃபியா நோட்டுகளைத் திருத்தியபடி வந்தாள். சரண்யாதேவியின் நோட்டைத் திருத்தி, விடை சரிதானா என்று முந்தைய பக்கத்தைப் புரட்டினாள். பக்கத்தின் மேல் மூலையில் தேதிக்குக் கீழே சிறிதாக 'புர்கா மிஸ்' என்று எழுதியிருந்தது. புர்கா போட்டு வருகிறவள் அவள்தான். அதற்கு முந்தைய நாள், 'குடை மிஸ்'. இன்னும் புரட்டினாள். 'இருமல் சார்'. 'கண்ணாடி சார்'. மறுபடி 'குடை மிஸ்'. 'ஸ்பீடு சார்'. 'மேலூர் மிஸ்'.

பேர் மனதில் நிற்பதற்குள் ஆள் மாறிவிடுவதால் பிள்ளைகளே வைத்துக்கொண்ட பேர்கள். வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து ஒன்பது பேர். அல்ஜீப்ராவை ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்திருந்தார். ஒரு பாடம்கூட விடுபடவில்லை.

சரண்யாதேவி நோட்டின்மீது உள்ளங்கையை வைத்து மூடினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

சுஃபியா நடந்து பலகைக்குப் போனாள். தனக்குக் கொடுத்த மூன்று டெமோவும் புத்தகத்தில் அடுத்தடுத்து வரும் மூன்று பயிற்சிகள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆள் எடுக்கிறவன் எதற்கு வரிசையாகப் பாடம் கொடுக்கிறான்?

அன்றும் தவசி அதையேதான் சொன்னார். "அந்த மேடத்துக்கும் உங்களுக்கும் போட்டி பலமா இருக்கு. இன்னும் ஒரே ஒரு டெமோ."

"சரி சார்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

புதன்கிழமை அவளுடைய நாள் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கே ஆனையூருக்குப் போய், டைல்ஸ் கடைக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தாள். ஐந்தே காலுக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மழையும் இல்லை, வெயிலும் தாழ்ந்துவிட்டது; கையில் நீளக் குடை. நேராக இரும்புப் படியில் ஏறினாள்.

ஏழு மணிக்கு அவள் இறங்கி வரும்வரை சுஃபியா காத்திருந்தாள்.

"மேடம், ஒரு நிமிஷம்."

அந்தப் பெண் பையை மாரோடு அணைத்துக்கொண்டாள். "யாரு?"

"நானும் மேல கணக்கு எடுக்க வர்றவதான். பேரு சுஃபியா."

"தவசி சார் அனுப்புனாரா?"

"இல்லைங்க. நானாத்தான் வந்தேன்."

"வெளிய யாராச்சும் நின்னு பேச்சுக் குடுப்பாங்க, அதுவும் டெஸ்டுதான், பேசுனா வேல கிடையாதுன்னு சொல்லியிருக்காரு." சொல்லிவிட்டு அவள் நடக்கத் தொடங்கினாள்.

சுஃபியா கூடவே நடந்தாள். "எனக்கு மூணு டெமோ ஆயிருச்சு. காரணிப்படுத்துறது, வர்க்கப் பூர்த்தி, சூத்திரம். உங்களுக்கு?"

அந்தப் பெண் நடையைக் கூட்டினாள்.

"வரிசையா வந்துச்சாங்க? அத மட்டும் சொல்லுங்க."

குடை நின்றது. "தேல்ஸ்" என்றாள் அந்தப் பெண், தனக்குள் எண்ணுகிறவள்போல. "அப்புறம் கோண இருசமவெட்டி. அப்புறம் பித்தாகரஸ். இன்னிக்கு தொடுகோடு. நாலு நாளு. பரவையிலருந்து ரெண்டு ஆட்டோ மாறி வாரேன். இன்னொருத்தங்க நல்லா எடுக்கிறாங்க, போட்டி பலமா இருக்குன்னாரு. அது நீங்கதானா?"

"எனக்கு உங்களச் சொன்னாரு."

அவள் பெயர் ரூத். பெயரைச் சொன்ன பிறகும் பையை அணைத்திருந்த கை தளரவில்லை. "நீங்க சொல்றது நிஜமா இருந்தா, என்கூட இப்பவே மேல வருவீங்களா?" என்று கேட்டாள். சுஃபியா முதலில் படியேறினாள்.

இரண்டு பேரும் சேர்ந்து நிற்பதைப் பார்த்ததும் தவசி பதறவில்லை. நாற்காலியைக் காட்டினார். மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"டெமோவுக்குச் சம்பளம் இல்லன்னு பார்ம்ல இருக்கு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"டெமோவுக்குத்தான சார் கையெழுத்து" என்றாள் ரூத். "நாங்க எடுத்தது பாடம். ஒரு யூனிட்டே முடியப் போகுது."

தவசி பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "போன வருஷம் ஒரு வாத்தியாரு இருந்தாரு. ரெண்டு வருஷம் கூடவே இருந்தாரு. வீட்டுல சாப்பிட்ட ஆளு. திடீர்னு ஒரு நாளு பன்னெண்டு பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயி அடுத்த தெருவுல சென்டர் போட்டாரு. அதுக்கப்புறம் எவரையும் நான் ஒரு வாரத்துக்கு மேல பிள்ளைக மூஞ்சியில முழிக்க விடுறதில்ல. தப்பா?"

"அதுக்கு நாங்க என்ன சார் பண்ணோம்?" என்றாள் சுஃபியா.

"நீங்களும் பண்ண மாட்டீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" அவர் குரல் உயரவே இல்லை. "சரி. சத்தம் வேணாம். ரெண்டு பேர்ல ஒருத்தர நிரந்தரமா எடுத்துக்கிறேன். யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க."

படியிறங்கினார்கள். ஏறும்போது ஒரே பக்கம் நின்றவர்கள். இறங்கும்போது அப்படி இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. எண்களை மாற்றிக்கொண்டார்கள். "யோசிப்போம்" என்றாள் ரூத். "யோசிப்போம்" என்றாள் சுஃபியா. பஸ் வரும்வரை பத்து நிமிடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றும், ரூத்துக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூட அவள் கேட்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தவசி கூப்பிட்டார்.

"மேடம், நீங்களே திங்கக்கிழமைல இருந்து வந்துருங்க. அந்த மேடத்துகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்."

சுஃபியாவுக்குச் சந்தோஷம் வந்தது. வந்த வேகத்தில் சந்தேகமும் வந்தது. இதையே அவளிடமும் சொல்லியிருப்பாரோ? ரூத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னும் இரண்டு தடவை போட்டாள். எடுக்கவில்லை. எடுக்கக்கூடாது என்றே எடுக்காமல் இருக்கிறாள், அவளையும் கூப்பிட்டிருக்கிறார், அவள் சரி சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் ரூத்தே கூப்பிட்டாள். சர்ச்சில் இருந்ததாகச் சொன்னாள்.

"தவசி சார் உங்களக் கூப்பிட்டாரா?" என்று கேட்டாள் சுஃபியா.

"என்னையக் கூப்பிடல. உங்களத்தான் கூப்பிட்டிருப்பாரு. போங்க."

"எப்படித் தெரியும்?"

"தெரியும். போங்க. ஆனா எழுதி வாங்கிக்கிருங்க." வைத்துவிட்டாள்.

நேற்று சாயங்காலம் முழுக்கவா சர்ச்? கூப்பிடவில்லை என்றால் எப்படித் தெரியும்? அந்த 'போங்க'வில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. சுஃபியா அதை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் பொய்யாகவே பட்டது.

திங்கட்கிழமை பத்து நிமிடம் முன்னதாகவே போனாள். ரூத் வந்திருக்கவில்லை. தவசி வழக்கம்போல டப்பாவை நீட்டினார். சுஃபியா போனைப் போடவில்லை.

"சார், வேலைக்கு எடுத்ததா ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துருங்க."

"அதுக்கென்ன, குடுக்கலாம். இந்த ஒரு வாரம் போகட்டும்."

"இன்னிக்கே குடுங்க சார். ரெண்டு வரி போதும்."

"நம்பிக்கை இல்லாம எப்படி மேடம் சேந்து வேல பாக்கிறது?"

"உங்களுக்கு எங்க மேல இல்லையே சார். அப்புறம் எனக்கு மட்டும் எப்படி வரும்?"

தவசி கடிகாரத்தைப் பார்த்தார். "பிள்ளைக வந்துட்டாங்க. இன்னிக்குக் கிளாஸ எடுங்க, மத்தத அப்புறம் பேசுவோம்."

கதவு திறந்துதான் இருந்தது. இருபத்திரண்டு பேரும் நோட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். பத்தாவது படிக்கிற பிள்ளைகள். காலாண்டுத் தேர்வுக்கு நாள் இருந்தாலும் கணக்கில் ஒரு நாள் போனால் போனதுதான். உள்ளே போகலாம் என்று ஒரு கால் எடுத்தும் வைத்துவிட்டாள். பிறகு திரும்பினாள்.

"என் சர்டிபிகேட் ஜெராக்ஸக் குடுங்க சார்."

வாங்கிக்கொண்டு இறங்கும்போது படியின் பாதியில் ஒரு பெண் ஏறி வந்தாள். தையல் நூல் துணுக்குகள் சேலையில் ஒட்டியிருந்தன. "நீங்கதான் கணக்கு மிஸ்ஸா? நான் சரண்யாதேவி அம்மா. பாண்டிச்செல்வி. பிள்ள ஸ்கூல் டெஸ்டுல மார்க்கக் குறைச்சுட்டா. என்னன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கிறா."

சுஃபியா சொல்லிவிட்டாள். ஒன்பது ஆள், டெமோ, எல்லாவற்றையும் படியில் நின்றபடியே சொல்லிவிட்டாள்.

பாண்டிச்செல்வி முழுதும் கேட்டாள். பிறகு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க இப்ப எங்க டியூஷன் எடுக்கிறீங்க?"

"எங்கயும் இல்லைங்க."

"அதான பாத்தேன். பிள்ளைகள இழுத்துட்டுப் போகத்தான் இம்புட்டும் சொல்றீங்க. சார் முன்னாடியே சொல்லியிருக்காரு, இப்படி ஆளுக வருவாங்கன்னு. உங்க போன் நம்பரச் சொல்லுங்க. நான் அவர்கிட்டயே கேக்கிறேன்."

சுஃபியா நம்பரைச் சொன்னாள். அதற்குப் பிறகு பஸ்ஸில் பெரியார் ஸ்டாண்டு வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொல்லி அவமானப்படுவது அவளுக்குப் புதிது.

அத்தாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் 'நான் அன்னைக்கே சொன்னேன்ல' என்று சொல்லவில்லை. "சாப்பிடு மொதல்ல" என்றார்.

இரண்டு வாரம் கழிந்தது. தெரியாத எண்ணிலிருந்து போன்.

"பாண்டிச்செல்வி பேசுறேன். ஆனையூரு. உங்க பேச்ச நான் நம்பல. ஆனா மனசு கேக்கல. பிள்ளைக்குச் சாப்பாட்டு டப்பா குடுக்கிற மாதிரி மூணு நாளு மேல போனேன். மூணு நாளும் மூணு வேற ஆளு. பிள்ளய நிப்பாட்டிட்டேன். எங்க வீட்டுல வந்து சொல்லித் தர்றீங்களா? பக்கத்து வீட்டுப் பிள்ளைக ரெண்டும் சேரும். ஆதார் ஜெராக்ஸ் கொண்டாங்க."

வீடு சென்டரிலிருந்து மூன்று தெரு தள்ளி. முன்னறையில் தையல் மிஷின், அதன் பக்கத்திலேயே பாய், சுவரில் சின்னதாக ஒரு கரும்பலகை. மாதத்துக்கு எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை நாள் என்பதைப் பாண்டிச்செல்வி ஒரு நோட்டுத் தாளில் எழுதித் தானே முதலில் கையெழுத்துப் போட்டாள். முதல் நாள் முழுக்க மிஷினை ஓட்டவில்லை. துணியை மடியில் வைத்துக்கொண்டு, சுஃபியா சொல்கிற ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு கணக்கு வராமல் மகள் திணறினால் டீச்சர் முகம் எப்படிப் போகிறது என்பதையும் பார்த்தாள். மூன்றாவது நாள் மிஷின் ஓடத் தொடங்கியது.

அன்றுதான் சரண்யாதேவி, அம்மா உள்ளே போன சமயம் பார்த்துச் சொன்னாள்.

"மிஸ், குடை மிஸ் ஒரு சனிக்கிழம ஸ்பெஷல் கிளாஸ் அப்ப வந்தாங்க. ஆபீஸ் ரூம்ல சாரோட சண்டை. எங்களுக்கு எல்லாம் கேட்டுச்சு."

"என்ன சண்டை?"

"உங்களத்தான் எடுக்கணும்னு சொன்னாங்க. எனக்குப் பரவையில ரெண்டு பிள்ளைக டியூஷன் இருக்கு, அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல, அவளயாவது ஏமாத்தாம எடுங்கன்னாங்க. சார் சரின்னுட்டாரு. அவங்க போனப்புறம் சிரிச்சாரு."

சுஃபியா அடுத்த கணக்கைச் சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தாள். மூன்று தடவை அடித்து ஓய்ந்த போனை நினைத்தாள். அந்தச் சனிக்கிழமையிலிருந்து ரூத்தைப் பற்றித் தான் நினைத்த ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. சண்டை போட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தாளோ, நேராகச் சர்ச்சுக்குத்தான் போனாளோ.

வகுப்பு முடிந்து தெருவுக்கு வந்ததும் கூப்பிட்டாள். இந்த முறை ரூத் உடனே எடுத்தாள்.

"நீங்க ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள்.

எதைப் பற்றி என்று ரூத் கேட்கவில்லை. "சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

மன்னிச்சிருங்க என்று சொன்னால் எதற்கு என்று கேட்பாள். அதை விளக்கவும் முடியாது. எனவே சுஃபியா வேறு விஷயத்துக்குப் போனாள்.

"இங்க ஆனையூர்ல மூணு பிள்ளைக. இன்னும் ரெண்டு பேரு வாரோம்னு சொல்றாங்க. எனக்கு அல்ஜீப்ரா சரி. வடிவியல் உங்கள மாதிரி வராது. வாரத்துக்கு ரெண்டு நாளு நீங்க எடுக்கிறீங்களா? பாதிப் பாதி."

எதிர்முனையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"இதுல உங்களுக்கு என்ன லாபம்?" என்றாள் ரூத்.

"எனக்கு ரெண்டு நாளு சம்பளம் கம்மிதான். பிள்ளைக பாஸாகணும்ல."

"யோசிச்சுச் சொல்றேன்."

சுஃபியா வீட்டு முகவரியையும், ஆதார் நகல் கேட்பார்கள் என்பதையும் செய்தியாக அனுப்பினாள். யோசித்துவிட்டு ரூத் பேசவும் இல்லை, செய்தி அனுப்பவும் இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தே காலுக்கு ஷேர் ஆட்டோ தெருமுனையில் நின்றது. ரூத் வீட்டு எண்ணைச் சரிபார்த்துக்கொண்டே வந்து வாசலில் நின்றாள். பாண்டிச்செல்வி அவளுடைய ஆதார் நகலை வாங்கி, படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ரூத்தும் சளைக்கவில்லை, நோட்டுத் தாளில் எழுதியிருந்த ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து படித்து, ஓர் இடத்தில் 'மாதம்' என்று இருந்ததை 'மாதம் முடிந்ததும்' என்று திருத்திக் கையெழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க" என்று பாண்டிச்செல்வி மின்விசிறிக்குக் கீழே இடம் காட்டினாள்.

சுஃபியா எழுந்து சாக்பீஸைக் கொடுத்தாள். "தொடுகோட்டுல நிக்குது."

"எந்த எடுத்துக்காட்டு?" என்று கேட்டபடி ரூத் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். பிள்ளைகள் காம்பஸை எடுத்தார்கள்.